முகத்துவாரத்தில் தூண்டிலும் வலையும்

தியாகதுருகத்திலிருந்து கடலுக்குச் சாலை வழியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கடல்மீன் எங்களுக்கு ஐஸ் பெட்டியில் வந்து சேரும் சந்தைப் பொருள். நெய்தல் திணையைப் பாடம் நடத்தும்போது என் முன்னே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கழி என்ற சொல்லை அவர்களுக்கு விளக்கவே ஒரு பாடவேளை ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கும் பிழைப்புக்காக வலை போடுகிறவர்களுக்கும் நடக்கும் பூசலைப் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். எழுதக் காரணம், அந்த ஆற்றின் நீரில் ஒரு பங்கு எங்கள் மலையிலிருந்து போவது என்பதே.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்குகிறது. கோமுகியைக் கச்சிராயபாளையத்தருகே 46 அடி அணையும், மணிமுக்தாவை அகரகோட்டாலத்தருகே 36 அடி அணையும் தடுத்து நிறுத்துகின்றன. அவற்றைக் கடந்த நீர் விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. சேலத்து மலைகளிலிருந்து வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வந்த வெள்ளாறு அது. பிறகு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. அதையும் தாண்டி மிஞ்சுவது பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆறு கடலுக்குள் புகும் இடத்தைப் பழந்தமிழ் ‘புகார்’ என்றது. இன்று அக்கரையில் மீனவர் வாயில் வழங்குவது முகத்துவாரம் என்ற சொல். இரண்டுமே வாசலைக் குறிப்பவை என்பது கவனத்துக்குரியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த வாசலில் நான் நிற்க நேர்ந்தது. என்னிடம் படித்து, இப்போது சிதம்பரத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் அழைத்துப் போயிருந்தார். விடுமுறை நாள்களில் தூண்டில் போடுவது அவருடைய பித்து. கார்பன் இழையாலான கோல், சுழல் ரீல், மீனைப் போலவே வண்ணம் பூசிய பொய்யிரை. இதை அவர்கள் ‘லூர்’ என்கிறார்கள். பொய்யிரையின் வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள். ஆசை அனைத்தும் கொடுவா மீன் மேல். பிடித்தால் ஒரு புகைப்படம், அளவு, எடை. பிறகு நீரில் விட்டுவிடுவது அவர்களுடைய நெறி.

ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரம். எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு முதியவரும் அவர் மகனும் ஃபைபர் படகிலிருந்து தங்கூசி வலையை இறக்கிக் கொண்டிருந்தார்கள். மாணவர் எறிந்த பொய்யிரை நீரோட்டத்தில் இழுபட்டு அந்த வலையில் போய்க் கொத்திக்கொண்டது. இவர் இழுக்க, வலை கிழிந்தது.

“தம்பி, உன் முள்ளு மாட்டின வலையை யாரு பிரிக்கிறது? இன்னிக்குப் பொழப்பு போச்சு” என்றார் முதியவர். குரலில் கோபத்தை விட அலுப்பே மிகுதி. இது முதல் முறையன்று போலும்.

“மன்னிச்சுக்கங்க அண்ணே, வலைக்கு என்ன ஆகுதோ குடுத்துடறேன். ஆனா நீங்க வாயை அடைச்சுப் போட்டா மீன் எப்படி உள்ள வரும்? நாங்க பிடிச்சாலும் விட்டுடறோம். நீங்கதான் குஞ்சு வரைக்கும் அள்ளிடறீங்க.”

முதியவர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். “விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?”

மகன் இடைமறித்து, ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசத்தான் வேண்டும், வெளியாள் இங்கே கோல் போடக்கூடாது என்று சொல்லத்தான் வேண்டும் என்றார். மாணவர் பணத்தை நீட்டினார். முதியவர் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் மீன்களைப் பற்றி. கொடுவாவின் வாழ்க்கை முகத்துவாரத்தைச் சுற்றிச் சுழல்வது. உப்பு மிகுந்த நீரில், ஆற்று வாயை ஒட்டி முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, கழிகளிலும் வழியிருந்தால் நன்னீரிலும் வளர்கின்றன. சில ஆண்டுகளில் அவை ஆணாகப் பருவமெய்தி மீண்டும் கடல்வாயிலுக்கு இறங்குகின்றன. மேலும் வளர்ந்த பிறகே அந்த ஆண்மீன்களில் பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. அதாவது பெருங்கொடுவா என்பது ஏறக்குறைய எப்போதுமே தாய்மீன். தூண்டில்காரருக்குப் புகைப்படத்துக்கு வேண்டியதும் அதுதான். வலைக்காரருக்கு நல்ல விலை தருவதும் அதுதான்.

மடவையின் கதை வேறு. அது சேற்றிலும் பாசியிலும் உள்ள நுண்பொருளை மேய்வது. தூண்டில் இரையை எளிதில் தீண்டாது. ஆகவே மடவை வலைக்காரரின் மீன். ஆனால் கொடுவாவுக்கு மடவை உணவு. வலைக்கண்ணுக்கோ மடவை, கொடுவா என்ற பேதம் தெரியாது. பருமன் ஒன்றுதான் தெரியும். இருவரும் வெவ்வேறு மீனைத் தேடி ஒரே வாசலுக்கு வருகிறார்கள். பூசலின் வேர் இதில் இருக்கிறது.

இந்தப் பூசல் பரங்கிப்பேட்டைக்கு மட்டும் உரியதன்று. ஆற்றில் ஏறும் மீனை வாயிலிலேயே மறிப்பது சரியா என்ற வழக்கு, இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டின் மகாசாசனத்திலேயே இடம்பெற்றுவிட்டது. தேம்ஸ், மெட்வே முதலிய ஆறுகளில் உள்ள மீன்பிடி அடைப்புகளை அகற்ற வேண்டும் என்றது அதன் 33-ஆம் பிரிவு. கடற்கரையில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. படகுப் போக்குவரத்தும் அதற்கு ஒரு காரணம். எனினும் ஆற்றை ஒருவர் அடைத்தல் ஆகாது என்ற கருத்து அன்றே சட்டமாயிற்று.

அண்மைக்கால நிகழ்வுகளில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது அமெரிக்காவின் ஃபுளோரிடா. அங்கே தூண்டில்காரர்களின் பத்திரிகை ஒன்று முன்னின்று கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1994 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் செவுள் வலைகளுக்கு எதிராக நின்றனர்; 1995 ஜூலை 1 முதல் மாநிலக் கடற்பரப்பில் அவ்வலைகள் மாநில அரசியல் சட்டத்தின் வழியாகவே தடை செய்யப்பட்டன. அந்த வலைகளில் பெருமளவு விழுந்துகொண்டிருந்தது எந்த மீன்? மடவைதான், வெள்ளாற்றுக் கழியிலும் காணப்படும் அதே இனம். தூண்டிலில் சிக்காத மீனைப் பிடித்தவர்களும், தூண்டிலில் சிக்கும் மீன்களுக்காகத் தம் தொழிலை இழந்தார்கள். சீடர் கீ என்ற சிற்றூரில் பலருக்குப் பயிற்சி தந்து சிப்பி வளர்ப்புக்கு மாற்றினார்கள்; அது ஓரளவு நன்றாகவே வேரூன்றியது. ஆனால் எல்லா ஊரும் சீடர் கீ ஆகவில்லை.

வேறு வழிகளும் உண்டு. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓரி விக்ஃபுசன், தூண்டில் பித்தர், 1989-இல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியத்தைத் தொடங்கி, வலைக்காரர்களோடு பேரம் பேசி அவர்களுடைய மீன்பிடி உரிமையை விலை கொடுத்து வாங்கினார். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் 2002-இல் 30 நீர்ப்பகுதிகள் தூண்டிலுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டன. தூண்டில்காரர்களிடம் வாங்கிய கட்டணத்திலிருந்து வலைக்காரர்களின் உரிமங்களுக்கு ஈடு தரப்பட்டது. இவற்றில் ஃபுளோரிடாவை விட நாகரிகம் இருக்கிறது. என்றாலும் எல்லாவற்றிலும் ஒன்று பொது: வெளியேறியது வலை. எண்ணிக்கையும் பணமும் எந்தப் பக்கம் இருந்தனவோ, அந்தப் பக்கத்துக்கே நீர் போயிற்று.

நம் நாட்டிலும் தூண்டிலுக்கு ஓர் அதிகார வரலாறு உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் கலையைப் பற்றி 1873-இல் வெளியிட்ட நூல் வெள்ளை அதிகாரிகளின் கைப்புத்தகமாயிற்று. 1879-இலேயே நீலகிரிக்கென வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. யாருக்காகக் காப்பது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே மரபில் நஞ்சும் வெடியும் வைத்து மீன்பிடிப்பதைத் தடுத்த 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமும் வந்தது. அது நல்ல சட்டம். ஆளுவோரின் பொழுதுபோக்கும் ஆற்றின் நன்மையும் சில இடங்களில் ஒன்றாயிருந்தன, சில இடங்களில் இல்லை.

இதற்கு நம் காலத்துச் சான்று காவிரி. முகத்துவாரத்திலிருந்து வெகு தொலைவில், கர்நாடகக் காடுகளுக்குள் காவிரி பாயும் பகுதியில், மகசீர் கெண்டைக்காகப் பீமேஸ்வரி, கலிபோரே போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை விட்டுவிடுவதே விதி. வெடி வைத்தும் வலை போட்டும் மீன் பிடித்துவந்த உள்ளூர்க்காரர் சிலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலைக்கு அமர்ந்தார்கள். நீரைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். காப்புக்காட்டுக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தின்படி 2012-இல் முகாம்கள் மூடப்பட்டன. ஆற்றங்கரையில் கண்காணித்த கண்களும் அவற்றோடு போயின என்று ஆய்வாளர் சிலர் வருந்தி எழுதினார்கள்.

அந்த முகாம் ஒன்றின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை அவர்கள் ஆராய்ந்தபோது வேறொன்றும் வெளிப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் பிடித்து விடப்பட்ட கணக்கு அது. மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிக்கொண்டே வந்திருந்தது. பெருகியது, மீன்வளத்தைக் கூட்டுவதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். திமில் மகசீரின் அறிவியற்பெயர் உறுதிப்பட்டதே 2018-இல்தான். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சர்வதேசப் பட்டியலில் ஏறியது. தூண்டில்காரரின் அன்பு பெரியது. அது தான் விரும்பும் மீனை மட்டும் நோக்கிய அன்பாகவும் இருந்துவிடலாம். அதே வேளையில் அந்த அழிவை நமக்குச் சொன்னதும் அவர்கள் எழுதி வைத்த பதிவேடுதான்.

‘விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும்?’ தமிழில் இதற்கு ஏதேனும் பழைய விடை உண்டா என்று தேடினால், பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பைச் சொன்ன கையோடு, நெடிய மூங்கிற்கோலில் நாண் கட்டி நிற்கும் பாண்மகனையும் காட்டுகிறார். இரையைக் கவ்வி வாய் கிழிபட்டுத் தப்பிய வாளை, பிறகு நீரருகே வளர்ந்த பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறதாம். தூண்டிலிலிருந்து மீண்ட மீனின் பக்கம் நின்று பார்த்த கண் அது. இன்னொன்றும் உண்டு. அங்கே கோல் பிடித்திருப்பவன் பொழுதுபோக்குபவன் அல்லன். வறுமை அறிந்த பாணர் குடியினன். யாழும் தூண்டிலும் ஒரே குடியின் கைகளில் இருந்தன. அவனுக்கு அது உணவு.

என் இளமையிலும் தூண்டில் ஏழையின் கருவிதான். எங்கள் பகுதி ஏரிகளை மீன் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைதாரர் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்துப் பெருவலையால் வாரி லாரியில் ஏற்றுவார். மூங்கில் குச்சியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்து நிற்கும் சிறுவர்களை அவருடைய காவலாள் துரத்துவார். ஒருமுறை என் கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துப் போட்டார். கோடையில் ஏரி வற்றி, குத்தகை முடிந்து, ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கும் நாள் ஒன்றுதான் எங்களுக்கு. அன்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அகப்பட்டது அவரவர் குழம்புக்கு.

அந்த ஏரியில் வலை செல்வரின் கையில் இருந்தது, தூண்டில் இல்லாதவரின் கையில். வெள்ளாற்று முகத்தில் நான் கண்டது இதன் தலைகீழ். ஆகவே தூண்டில் இரக்கமுள்ளது, வலை பேராசை பிடித்தது என்றோ, வலை உழைப்பு, தூண்டில் சொகுசு என்றோ கருவியை வைத்து நியாயம் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கருவியைப் பிடித்தவருக்கு மாலையில் வேறு சோறு உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. என் மாணவருக்கு உண்டு. முதியவருக்கு இல்லை. எனவே இருவரும் ஒரே இடத்தில் நிற்க முடியாதபோது விலக வேண்டியவர் என் மாணவர்தான். இதை அவரிடமே சொன்னேன். “சரி ஐயா, ஆனா மீனே இல்லாமப் போயிட்டா அவருக்கும் சோறு இல்லையே” என்றார். அதுவும் உண்மை.

சட்டம் இவ்விடத்தில் ஊமையாக இல்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தையொட்டிய விதிகள், ஆற்று முகத்துவாரத்துக்குக் கீழே 100 மீட்டருக்குள் மீன்பிடிப்பதைத் தடுக்கின்றன. இழுவை வலை அல்லாத வலைகளில் கண்ணின் அளவு முடிச்சுக்கு முடிச்சு 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; இழுவை வலையில் 37. வாசலை வாசலாக விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு இந்த 100 மீட்டரில் இருக்கிறது. ஒரு வகையில் 1215-இன் குரல்தான். அது கோலுக்கும் வலைக்கும் சேர்த்து வாசலைத் திறந்து வைக்கச் சொல்வது. அது நன்றாக நடைமுறையானால் இருவருடைய சண்டையும் பாதி குறையும். தூண்டில்காரர்கள் மும்முனை முள்ளை விட்டு ஒற்றை முள்ளுக்கு மாறலாம். பெருங்கொடுவாவை நீரைவிட்டுத் தூக்காமலே விடுவிக்கலாம். ஊர்க் கூட்டத்தில் போய் அனுமதி கேட்டு, படகும் வழிகாட்டியும் அங்கிருந்தே அமர்த்தலாம். காவிரி முகாம்கள் நல்லதென்று விட்டுப்போன பாடம் இதுதான்.

இந்தக் கரைக்கு இதைவிடப் பெரிய பூசல்கள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கடலூர்க் கரையில் சுருக்குமடி வலைக்கும் மற்ற வலைகளுக்கும் இடையே ஊரை ஊர் எதிர்த்து நின்றிருக்கிறது. 2000-இல் மாநில அரசு அவ்வலையைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரு நாள் மட்டும் எனக் கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி தந்தது. அந்தப் பெரும்பூசலில் நசுங்கியவர்களே பலர் சிறு படகோடு கழிக்குள் திரும்புகிறார்கள். கடலில் இடமில்லாதவருக்கு ஆற்றுவாயே மிஞ்சிய வயல். அங்கும் ஞாயிறுதோறும் கோல்கள் நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக, எங்கள் பங்கு. கொடுவாக் குஞ்சு உள்ளே வர வேண்டுமானால் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். முகத்துவாரத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து குவிக்கிறது. ஆற்று நீர் அதைத் தள்ளித் திறக்கிறது. ஆற்றில் நீர் குறைந்தால் திட்டு வளர்ந்து வாய் குறுகும். குறுகிய வாயில் கோலும் வலையும் இன்னும் நெருங்கி நிற்கும். நன்னீரைத் தேடி மேலேறும் விலாங்கையும் கொடுவாவையும் சேத்தியாத்தோப்பும் அதற்கு மேலுள்ள அணைக்கட்டுகளும் எதிர்கொள்கின்றன. அணைகள் தேவையில்லை என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. எங்கள் சோறு அவற்றிலிருந்து வருகிறது. ஆனால் கடலுக்குப் போகும் நீரை ‘வீண்’ என்று எழுதும் வழக்கம் நமக்கு இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மதகு திறக்கும்போதெல்லாம் நாளேடுகளில் அந்தச் சொல் வருகிறது. வகுப்பறைக் கட்டுரைகளிலும் வருகிறது. அந்த நீர்தான் பரங்கிப்பேட்டையில் மணலைத் தள்ளுகிறது, கழியின் உப்பைத் தணிக்கிறது, குஞ்சுக்கு வழி காட்டுகிறது.

இந்த ஆண்டு மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்ற தொடரைக் கண்ட இடத்திலெல்லாம் ‘வீணாக’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘யாருக்கு?’ என்று எழுதிக்கொடுத்தேன். ஒரு மாணவி தாளைத் திருப்பிக் கொண்டுவந்து, “விடை என்ன ஐயா?” என்று கேட்டார். அந்த முதியவரைப் பற்றியும், ஆணாயிருந்து பெண்ணாகும் மீனைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு நெய்தல் இருக்கிறது, அங்கே தொடர்வோம் என்றேன்.